வீட்டுத் தோட்டத்து மூலிகைகளும் மழைக்கால மருந்துகளும்

முன்னுரை

மேனாட்டு மக்கள் இலையுதிர்காலம் வந்தவுடன் தோட்டத்து மூலிகைகளைக் கொய்து உலர்த்திக் குளிர்காலத்திற்கென மருந்து சேர்த்துவைக்கும் வழக்கத்தை நூல்களிற் படிக்கின்றோம். நம் திருத்தங்கல் போன்ற கரிசற் பூமியில் மரங்கள் பொன்னிறம் பெற்று உதிரும் காலமும் இல்லை. உறைபனி விழும் காலமும் இல்லை. ஆயினும் அவ்வழக்கத்திற்கு நேரானதொரு வழக்கம் நம் பாட்டியர் கையில் நெடுநாளாக இருந்துவந்துள்ளது. புரட்டாசியிற் கொய்து, நிழலில் உலர்த்தி, ஐப்பசி கார்த்திகை மழைக்கும் மார்கழிப் பனிக்கும் எடுத்துவைப்பதே அவ்வழக்கம். அதன் முறை யாது, அம்முறைக்குள் அடங்கிய காரணம் யாது, அதன் எல்லை எங்கே முடிகின்றது என்னும் மூன்றையும் ஒருங்கு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செடி நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. கொய்யும் நாளும், உலர்த்தும் இடமும், வைக்கும் கலமும் பிழைபட்டால் மருந்து வெறுஞ் சருகாகிவிடும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

ஊரும் பருவமும்

திருத்தங்கல், சிவகாசியை அடுத்து விருதுநகர் செல்லும் வழியில் உள்ள பழம்பதி. தங்கால் என்னும் பெயரோடு சிலப்பதிகாரத்தில் இடம்பெற்றது. குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருப்பதால் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. 2021 ஆம் ஆண்டு முதல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துள்ளது.

இவ்வூரின் மேற்கே தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல் நிற்கின்றது. ஆடி மாதத்தில் மேல்கடலிலிருந்து எழும் பருவக்காற்று தன் நீரை மலைக்கு அப்பால் மலையாள நாட்டிற் பொழிந்துவிட்டு, இப்பால் வெறுங்காற்றாகப் புழுதியை வாரிக்கொண்டு வருகின்றது. ஆண்டில் நாம் பெறும் மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கிடைக்கின்றது. எஞ்சிய மாதங்களில் வானம் வறண்டே இருக்கும்.

இவ்வறட்சியே இவ்வட்டாரத்தின் தொழிலுக்கு மூலதனமாயிற்று. சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922 ஆம் ஆண்டிற் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அத்தொழிலும், அதன்பின் வளர்ந்த பட்டாசுத் தொழிலும், அச்சுத்தொழிலும் இங்கே வேரூன்றியதற்கு ஈரமற்ற காற்றும் பெருந்துணை புரிந்தது. உலர்த்துதலே உயிராயுள்ள தொழில்கள் அவை. மூலிகைக்கும் உலர்த்துதலே உயிர். ஆயினும் பட்டாசு மேடைக்கு உகந்த வெயில் மூலிகைக்கு உகந்ததன்று. இவ்வேற்றுமையைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. சளி, இருமல், தொண்டைக்கட்டு, காய்ச்சல் ஆகியவை வீடுதோறும் வருகின்ற காலம் கூதிரும் முன்பனியுமாம். ஆதலின் அவற்றிற்கு முற்பட்ட புரட்டாசியே நமக்கு மூலிகை கொய்யும் பருவமாகின்றது. ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், இலை கிடைக்கும். உலர்த்தும் நாள் கிடையாது.

கொய்வனவும் விடுவனவும்

வீட்டுப் புழைக்கடையில் உள்ள செடிகளையெல்லாம் உலர்த்தவேண்டும் என்பதில்லை. இவற்றை இரு கூறாகப் பிரித்தறிதல் முதற்கடமை.

கற்பூரவல்லியும் தூதுவளையும் பச்சையாகவே பயன்படுவன. கற்பூரவல்லியின் இலை சதைப்பற்றுடையது. உலர்த்தப் புகுந்தால் நீர்வற்றுமுன் அழுகத் தொடங்கும். தொட்டியில் ஒரு கிளையை நட்டுவைத்தால் மழைக்காலம் முழுவதும் நாள்தோறும் இரண்டு இலை தரும். தூதுவளையோ கோடையில் வாடி, மழை கண்டவுடன் தழைப்பது. முள்ளை நீக்கி நெய்யில் வதக்கித் துவையலாகவோ இரசமாகவோ உண்பதற்கு அப்போது பறித்த இலையே சிறந்தது. இவ்விரண்டையும் உயிரோடு காப்பதே சேமிப்பு.

ஆடாதோடை, நொச்சி, துளசி, நிலவேம்பு, கண்டங்கத்திரி ஆகியவை உலர்த்திவைக்கத் தக்கவை. ஆடாதோடை என்பது ஆடு தொடாத இலை என்னும் பொருளில் வந்த பெயர் என்பர். கசப்பினால் ஆடு மேயாது. ஆதலின் வேலிக்கும் ஆகும், மருந்துக்கும் ஆகும். அதன் இலையில் உள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே புரோம்ஹெக்சின் என்னும் சளியிளக்கி மருந்தை மேனாட்டு வேதியியலார் ஆக்கினர். இன்றும் மருந்துக்கடையில் விற்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் அது சேர்கின்றது. வேலியோரத்துக் கசப்பிலை ஒன்று ஆய்வுக்கூடத்தை எட்டிய வரலாறு இது.

நொச்சி ஆவி பிடிப்பதற்கும், அதன் சருகு தானியக் குதிரில் வண்டு அணுகாமற் காப்பதற்கும் உதவும். துளசியின் மணம் யூஜினால் முதலிய எண்ணெய்களால் உண்டாவது. கிராம்பின் மணத்திற்கும் யூஜினாலே முதற்காரணம். நிலவேம்பு ஓராண்டுச் செடி. அதன் கடுங்கசப்பிற்குக் காரணம் ஆண்ட்ரோகிராபோலைடு என்னும் பொருள். கண்டங்கத்திரி தரிசு நிலத்தில் தானே படரும் முட்செடி.

பெயர் மயக்கத்திற்கு இங்கே அஞ்சுதல் வேண்டும். ஓரூரில் நிலவேம்பு எனப்படுவதை மற்றோரூரிற் சிறியாநங்கை என்பர். பெயரை மட்டும் கேட்டு, செடியை அறியாது பறிப்பவர் தவறான இலையைக் கொண்டுவருதல் எளிது. ஆதலின் அறிந்தவர் ஒருவர் காட்ட, இலை, பூ, காய் மூன்றையும் கண்டு தெளிந்த பின்னரே பறிக்கவேண்டும். ஐயுற்றதை விட்டுவிடுவதே அறிவுடைமை.

பறிக்கும் இடமும் ஆராயத்தக்கது. இவ்வட்டாரத்தில் வெடிமருந்துத் தூளும் வண்ண உப்புகளும் காற்றிலும் மண்ணிலும் கலக்கும் இடங்கள் உண்டு. அங்கே தழைத்த கண்டங்கத்திரி எவ்வளவு செழிப்பாயினும் தொடற்க. நெடுஞ்சாலை ஓரத்திலும், சாக்கடை ஓரத்திலும், பூச்சிமருந்து தெளித்த பருத்திக்காட்டின் வரப்பிலும் பறித்தலும் ஆகாது. தன் வீட்டுக் கிணற்றுநீரில் வளர்ந்த செடிக்கு நிகர் வேறில்லை.

கொய்யும் நேரம்

செடியின் பயன் அதன் எல்லா உறுப்பிலும் எல்லா நாளும் ஒரே அளவாக இராது. மணமுள்ள இலைகளில் எண்ணெய், பூப்பதற்குச் சற்று முன்னர் மிகுந்து நிற்கும். ஆதலின் துளசியைக் கதிர் முற்றுமுன் கொய்தல் வேண்டும். நிலவேம்பின் கசப்புப் பொருளோ பூக்கத் தொடங்கும்போது உச்சமடைகின்றது. ஆனியில் விதைத்தது புரட்டாசியில் மொட்டு விடும். அப்பொழுது நிலத்திற்குச் சற்று மேலே அறுத்து முழுச்செடியாக எடுத்தல் வழக்கம். ஆடாதோடையில் முற்றிய, பழுப்பேறாத இலைகளே கொள்ளத்தக்கவை.

நாளில் எந்நேரம் எனின், காலையிற் பனிநீர் காய்ந்தபின், வெயில் ஏறுமுன். பனியோடு பறித்த இலை குவியலிற் புழுங்கிக் கறுக்கும். உச்சி வெயிலிற் பறித்த இலை மணத்தைப் பாதி காற்றிற்குக் கொடுத்திருக்கும். மழை பெய்த மறுநாளும் பறிக்கலாகாது. இரண்டு நாள் வெயில் காய்ந்தபின் பறித்தல் நன்று. ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடாது விட்டால், அது மழையில் மீண்டும் தழைக்கும். அடியோடு மொட்டையடிப்பவர் அடுத்த ஆண்டு அண்டை வீட்டில் இரக்கவேண்டி வரும்.

உலர்த்தும் முறை

இக்கட்டுரையின் நடுநாயகமான பகுதி இதுவே. என் பாட்டியார் ஆண்டுதோறும் புரட்டாசியில் ஆடாதோடை இலையைத் தாழ்வாரத்து நிழலிற் சுளகுகளிற் பரப்பி உலர்த்துவார். ஒருமுறை அவர் உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, வேலையை விரைவில் முடித்துவிடும் ஆசையால் யான் அவ்விலைகளை மொட்டைமாடித் தளத்திற் கொட்டிப் பரப்பினேன். ஒரே பகலில் அவை முறுமுறுவெனக் காய்ந்தன. மாலையிற் திரும்பிய பாட்டியார் ஒரு பிடி அள்ளி மோந்துபார்த்து, "வைக்கோலாக்கி வைத்திருக்கிறாயே அப்பா" என்றார். பச்சை நிறம் போய் மஞ்சள் பாய்ந்திருந்தது. அவ்வாண்டு இரண்டாம் முறை பறிக்க இலை போதவில்லை, மழையும் முந்திவிட்டது. மார்கழியில் வீட்டார் இருமியபோதெல்லாம் என் அவசரமே நினைவுக்கு வந்தது.

வெயில் செய்யும் கேடு இரண்டு. முதலாவது, சூடு இலையில் உள்ள மண எண்ணெயை ஆவியாக்கிக் கொண்டுபோய்விடும். இரண்டாவது, நேரொளி இலையின் நிறத்தையும், எளிதிற் சிதையும் பொருள்களையும் அழிக்கும். ஆதலின் காற்றோட்டமுள்ள நிழலே மூலிகைக்கு உரிய களம். நம் வட்டாரத்துப் புரட்டாசிக் காற்று வறண்டதாதலின் நிழலிலும் நான்கைந்து நாளில் இலை நன்கு உலரும். தென்பாண்டிக் கரிசல் நிலங்களில் விளைந்து அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் நிலாவிரை இலையையும், பச்சை நிறம் கெடாதிருக்கும்பொருட்டு நிழலில் உலர்த்துதல் வழக்கம்.

சூடு மருந்தைக் கெடுக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. மலேரியாச் சுரத்திற்கு மருந்து தேடிய சீன நாட்டு அறிஞர் தூ யூயூ அம்மையார், நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியை ஆராய்ந்தார். வழக்கம்போற் கொதிக்கவைத்து வடித்த சாற்றால் உறுதியான பயன் கிட்டவில்லை. நான்காம் நூற்றாண்டில் எழுந்த சீன மருத்துவ நூலொன்று, அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறெடுக்கச் சொல்லியிருப்பதைக் கண்டு, சூடே மருந்தை அழிக்கின்றது என ஊகித்தார். 1971 ஆம் ஆண்டு குறைந்த வெப்பத்திற் சத்தைப் பிரித்தெடுத்தபோது பயன் தெளிவாயிற்று. அதிலிருந்து பிறந்த ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. 2015 ஆம் ஆண்டு மருத்துவத்திற்குரிய நோபல் பரிசில் ஒரு பாதி அவ்வம்மையாருக்கு வழங்கப்பட்டது. செடி ஒன்றே, கையாண்ட முறை வேறு, பயனும் வேறாயிற்று.

இனிச் செய்முறையைக் கூறுவாம். பறித்த இலையைத் தூசி நீங்க நீரில் அலசி, துணியில் ஒற்றி ஈரம் போக்குக. சுளகிலோ, ஓலைப்பாயிலோ, வெளுத்த பருத்தித் துணியிலோ ஒன்றன்மேல் ஒன்று படியாது மெல்லிதாகப் பரப்புக. நாளைக்கு இருமுறை புரட்டிவிடுக. புழுதி படியாமல் மெல்லிய துணியால் மூடுக. அச்சிட்ட தாளில் மட்டும் பரப்பற்க. அச்சகங்கள் மிகுந்த இவ்வட்டாரத்திற் கழிவுத்தாள் எளிதிற் கிடைப்பதால் அதனையே விரிக்கும் வழக்கம் உண்டு. அச்சுமை ஈர இலையிற் பற்றும். நிலவேம்பையும் கண்டங்கத்திரியையும் சிறு கட்டுகளாகக் கட்டி நிழலிற் தலைகீழாகத் தொங்கவிடலாம்.

உலர்ந்தமை அறிவது எங்ஙனம்? இலையைக் கசக்கினால் நொறுங்கவேண்டும். காம்பை வளைத்தால் ஓசையோடு ஒடியவேண்டும். பச்சிலையின் நிறையிற் பெரும்பங்கு நீராதலின், பத்துப் பலம் பச்சிலை ஏறத்தாழ இரண்டு பலச் சருகாகச் சுருங்கும். வளைந்து ஒடியாத காம்பு ஒன்று இருப்பினும் இன்னும் ஒரு நாள் பொறுத்தல் வேண்டும்.

சேமித்தல்

ஈரம் எஞ்சிய இலையைக் கலத்தில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். இதனை அற்பமாக எண்ணற்க. 1960 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் அறியாது மடிந்தன. அவற்றிற்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூசணம் பிடித்து, அப்பூசணம் நஞ்சு சுரந்திருந்தது என்பது பின்னர் ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. அந்நஞ்சிற்கு அஃபிளடாக்சின் என்று பெயர். அது கல்லீரலைக் கெடுப்பது. கொதிக்கவைத்தாலும் முற்றும் அழியாதது. நிலக்கடலைக்கு மட்டும் உரிய கேடன்று அது. ஈரம்பட்ட எவ்வுணவுப் பொருளிலும் மூலிகையிலும் அத்தகைய பூசணம் வளரக்கூடும். "பூசணத்தைத் தட்டிவிட்டுக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்" என்னும் எண்ணம் பிழையானது. பூசணம் கண்ட மூலிகையைக் குப்பையில் இடுக.

நன்கு உலர்ந்த இலையைக் கண்ணாடிக் குப்பியிலோ, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவிலோ இட்டு, வெளிச்சமும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வைக்க. முன்னாளில் ஓலைக்கொட்டானில் வைத்து அடுக்களைப் பரணில் ஏற்றுவர். அடுப்புப் புகை ஈரத்தை அணுகவிடாது. புகையடுப்பு மறைந்த இக்காலத்தில் ஓலைக்கொட்டான் மழைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின் கண்ணாடியே தக்கது. வெடிமருந்துப் பொருளோ, சாயமோ, பூச்சிமருந்தோ இருந்த பெட்டியையும் டப்பாவையும் எவ்வளவு கழுவினும் இதற்குப் பயன்படுத்தலாகாது. ஒவ்வொரு குப்பியின்மேலும் செடியின் பெயரும், கொய்த மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டுக. இலை ஓராண்டிற்கு மேல் வீரியம் குன்றும்; புதுப் புரட்டாசி வந்தவுடன் பழையதை உரக்குழிக்கு அனுப்புக. இலையாகவே வைத்து, வேண்டும்போது பொடித்தல் நன்று. பொடித்து வைத்தது விரைவில் மணமிழக்கும்.

மருந்தாக்கல்

துளசி போன்ற மணமுள்ள இலையை நெடுநேரம் கொதிக்கவைத்தால், வீடு மணக்கும், குடிநீர் மணக்காது. நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இலையை இட்டு மூடி, சிறிதுபொழுது கழித்து வடித்துக் குடிப்பதே முறை. ஆடாதோடை, கண்டங்கத்திரி, நிலவேம்பு முதலியவற்றையோ சிறுதீயிற் காய்ச்சி வற்றவைத்தல் வழக்கு. நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம் என்பது நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய எட்டும் கூடிய ஒன்பது சரக்கு மருந்து. வெறும் நிலவேம்புச் சருகைக் காய்ச்சிவிட்டு அப்பெயரிடுதல் தவறு. அதனைச் சித்த மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவிலோ பெறுதலே தக்கது.

நொச்சி ஆவி பிடிக்கும்போது, கொதிக்கும் கலத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அசையாத இடத்தில் வைத்து, முகத்தை எட்டத்திற் கொள்ளவேண்டும். சிறுவரைப் போர்வைக்குள் கொதிநீர்க் கலத்தோடு அமர்த்துதல் கொடிய விபத்திற்கு வழி.

தீபாவளி இலேகியமும் இவ்வழக்கத்தின் ஒரு கிளையே. ஐப்பசி மழையில் எண்ணெய் தேய்த்து நீராடிப் பலகாரம் மிகுதியாக உண்ணும் நாளில், சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, வெல்லம், நெய் இவை கூட்டிக் கிண்டிய இலேகியத்தை ஒரு சிறு உருண்டை உண்பது செரிமானத்திற்கு என்று வைத்தனர். நாடெங்கும் வெடிக்கும் பட்டாசை அனுப்பிவிட்டு ஓயும் இவ்வூர்ப் பெண்டிர், தம் வீட்டுத் தீபாவளிக்கு முதலிற் செய்வது இலேகியமே எனின் அது வியப்பன்று.

எல்லை அறிதல்

மூலிகையின் பெருமை பேசுவோர் பலர். அதன் எல்லை பேசுவோர் சிலர். வீட்டு மருந்து, சாதாரணச் சளிக்கும் தொண்டைக் கரகரப்பிற்கும் ஆறுதல் தரும். அந்நோய்கள் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தாமே நீங்குவன. அவ்வாறு நீங்காதவற்றை வீட்டு மருந்தால் மூடிவைத்தல் ஆகாது.

எங்கள் உறவினருள் இளம்பெண் ஒருத்திக்கு ஒரு கார்த்திகையில் இருமல் கண்டது. ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தோம், சற்றே தணிந்தது, மீண்டும் எழுந்தது. "கஷாயம் கேட்கிறது, பொறுங்கள்" என்று வீட்டார் சொல்லிச் சொல்லி இரண்டு மாதம் கடந்தன. மாலைதோறும் இளஞ்சுரம் அடித்ததையும், உடல் மெலிந்ததையும் மழையின் குற்றம் என்றனர். தையிற் சளியைச் சோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் இடைவிடாது மருந்துண்டு அவள் நலம்பெற்றாள். இறைவன் அருளால் தப்பினாள். ஆயினும் அவ்விரண்டு மாதத்தில் வீட்டிலிருந்த குழந்தைகளும் அந்நோய்க் காற்றைச் சுவாசித்தனர் அன்றோ? காசநோய் ஒரு கிருமியால் வருவது என்பதை ராபர்ட் காக் 1882 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். அக்கிருமியை ஆடாதோடை ஒழிக்காது. இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு அரசு மருத்துவமனையிற் சளிச் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். அச்சோதனையும் சிகிச்சையும் இலவசம்.

அவ்வாறே, மூச்சு வாங்குதல், சளியில் இரத்தம், குழந்தை பால் குடியாமை, மூன்று நாளைக் கடந்த காய்ச்சல் ஆகியவை கண்டால் குடிநீரை வைத்துவிட்டு மருத்துவரிடம் விரைதல் வேண்டும். 2012 ஆம் ஆண்டு டெங்குக் காய்ச்சல் பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது கபசுரக் குடிநீரும் தமிழ்நாடெங்கும் வழங்கப்பட்டன. ஆயினும் அவற்றைப் பருகினோர் மருத்துவமனையை மறக்கலாம் என்பது அதன் பொருளன்று.

இன்னும் மூன்று விதிகள் மனத்திற் பதியத்தக்கன. ஆடாதோடையையும் நிலவேம்பையும் கருவுற்ற பெண்டிர் உண்ணலாகாது; ஆடாதோடையின் வாசிசின் கருப்பையைச் சுருக்கும் இயல்புடையது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனை நாவில் தடவவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை குழந்தையின் குடலில் வளர்ந்து உடலைத் தளர்விக்கும் நஞ்சை உண்டாக்கவல்லது. நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றிற்கு மருந்துண்போர் எம்மூலிகையையும் தம் மருத்துவரிடம் சொல்லியே உண்ணவேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மூலிகை சேர்த்தல் என்பது பருவமறிந்து பறித்தல், நிழலறிந்து உலர்த்துதல், ஈரமறிந்து காத்தல், எல்லையறிந்து உண்ணுதல் என்னும் நான்கு அறிவுகளின் தொகுதி என்பது விளங்கும். முதல் மூன்றையும் நம் பாட்டியர் நமக்கு வைத்துச் சென்றனர். நான்காவதை நம் காலத்து அறிவியல் தெளிவாக்கித் தந்துள்ளது. இரண்டையும் ஒருங்கே பெற்ற மாணாக்கர் ஒன்றைப் பற்றி மற்றொன்றை இகழ்தல் நன்றியன்று.

புரட்டாசி விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள், வேலியோரத்து ஆடாதோடையை ஒருமுறை நின்று பாருங்கள். பத்து இலையைப் பறித்துத் தாழ்வார நிழலில் ஒரு சுளகில் இடுங்கள். ஐந்தாம் நாள் அது பச்சை மாறாது நொறுங்குமாயின் நீங்கள் பாடத்தின் பாதியைக் கற்றுவிட்டீர்கள். வீட்டில் ஒருவர் இரண்டு வாரம் கடந்தும் இருமும்போது, குப்பியை மூடிவைத்து அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றீர்களாயின் மறுபாதியையும் கற்றவர் ஆவீர்கள்.